உப்பு டப்பாவை ஒளித்து வைத்த சகோதரிக்கு

ரங்கூனிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

அவருக்கு வயது 47. வீட்டில் கணவர், பள்ளியில் படிக்கும் மகள், 78 வயது மாமியார். தண்ணீர்த் திருவிழா முடிந்து கடை திறந்த வாரத்தில் கணவருக்குத் தலைவலி. பார்த்தால் பிரஷர் 160/100. ரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதல், மூன்று மாதச் சர்க்கரையின் அளவு 6.3, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 'சற்றே மேலே'. லொசார்ட்டான் என்ற பிரஷர் மாத்திரை தொடங்கினார்கள். கதவைத் திறந்து வெளியே வரும்போது மருத்துவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்: "உப்பு, எண்ணெய், சர்க்கரை மூணையும் குறைங்க." 'குறைங்க' என்பது சகோதரியின் காதில் 'நிறுத்துங்க' என்று விழுந்திருக்கிறது.

மறுநாளே சமையலறை மாறிவிட்டது. உப்பு டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய 'சோடியம் குறைந்த உப்பு' கணவர் தட்டுக்கு. சென்னையிலிருந்து வந்த இந்துப்பு தனக்கும் மகளுக்கும். மாமியார் ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுவதால் அவருக்கு உப்பே கிடையாது. மாதம் நான்கு வீசை (பர்மா வீசை ஒன்று ஏறக்குறைய 1.6 கிலோ) எண்ணெய் வாங்கிய வீட்டில் இப்போது சொட்டு எண்ணெய் இல்லை, எல்லாம் வேகவைத்ததுதான். முட்டை, தேங்காய், வேர்க்கடலை, மாம்பழம், வாழைப்பழம் எல்லாம் நின்றன. ஙாப்பி, அதாவது உப்பிட்டுப் புளிக்க வைத்த மீன் அல்லது இறால் விழுது, வீட்டுக்குள் வரவே கூடாது. அஜினோமோட்டோ பொட்டலம் குப்பைக்குப் போனது. வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாகப் பனைவெல்லம், 'இயற்கையானது என்பதால் தாராளமாக'. போதாததற்கு, கைபேசியில் பார்த்த வீடியோவை நம்பி ஆளுக்குத் தினம் மூன்று லிட்டர் தண்ணீர்.

இரண்டு மாதம் ஆயிற்று. கணவர் எடை இறங்கவில்லை. அவர் மதியம் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ஙாப்பியும் பச்சைக் காயும் தொட்டுக்கொண்டு சோறு சாப்பிடுவதைக் கடைப் பையன் போட்டுக்கொடுத்துவிட்டான். மகள் பள்ளி வாசலில் சுரைக்காய் பஜ்ஜி வாங்கித் தின்கிறாள். மாமியாரைப் பற்றி மூன்றாம் பக்கத்தின் அடியில் நான்கே வரி: "மூன்று வாரமாக ரொம்பச் சோர்வாக இருக்கிறார். குமட்டல் என்கிறார். எழுந்தால் தலை சுற்றுகிறது. போன வாரம் குளியலறையில் விழுந்துவிட்டார், அடி இல்லை. என்னை இரண்டு தடவை, இறந்துபோன தன் தங்கை பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். வயதாகிவிட்டது, என்ன செய்ய."

கடைசியில் கேள்விகள். எந்த உப்பு நல்லது, எந்த எண்ணெய் நல்லது, எந்த இனிப்பு நல்லது? "எல்லாம் அவர்கள் நல்லதுக்குத்தானே டாக்டரம்மா செய்தேன்? ஏன் வீட்டில் எல்லோரும் என்னை ஜெயில் வார்டனைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்கள்?"

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள் கேள்வியாகவே கேட்காத அந்த நான்கு வரிதான் உங்கள் கடிதத்திலேயே அவசரமான இடம். இந்தப் பதில் அச்சில் வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று உங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு இதைச் சொல்லிவிடும்படி பத்திரிகை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டேன். மற்ற வீடுகளுக்கும் பயன்படும் என்பதால் இங்கேயும் எழுதுகிறேன்.

முதலில் அத்தை

கடிதத்தின் ஓரத்தில் அத்தையின் மாத்திரைச் சீட்டை அப்படியே எழுதி வைத்தீர்களே, அதற்கு நன்றி. அதில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்று ஒன்று இருக்கிறது. நாம் 'நீர் மாத்திரை' என்கிறோமே, அந்த வகை. உடம்பிலிருந்து உப்பைச் சிறுநீரில் தள்ளித்தான் அது பிரஷரைக் குறைக்கிறது. பல ஆண்டுகளாக அத்தை அதைச் சாப்பிட்டு வந்தார், உப்பும் சாப்பிட்டார், கணக்கு சரியாக இருந்தது. இப்போது மாத்திரை உப்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது, உள்ளே வருவது ஏறக்குறைய நின்றுவிட்டது. அதற்கு மேல் மூன்று லிட்டர் தண்ணீர். மிச்சம் மீதி இருப்பதையும் தண்ணீர் நீர்க்கச் செய்துவிடும்.

ரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். வயதானவர்களுக்கு, அதுவும் இந்த மாத்திரை சாப்பிடும் ஒல்லியான பெண்களுக்கு, அது சத்தமில்லாமல் இறங்கும். முதலில் சோர்வு, குமட்டல், நடையில் தள்ளாட்டம். அப்புறம் பெயர் மாறும், நாள் மாறும். இன்னும் இறங்கினால் தூக்கக் கலக்கம், வலிப்பு. நீங்கள் வயது என்று நினைத்தது சோடியமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனாலும் கடிதத்தை வைத்து நான் முடிவு கட்ட முடியாது. சிறுநீர்த் தொற்றும் இப்படிக் குழப்பத்தைக் கொண்டுவரும். குளியலறையில் விழுந்ததில் வெளியே காயம் தெரியாவிட்டாலும், தலைக்குள் மெல்ல ரத்தம் கசிந்திருக்கவும் கூடும். அதனால் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.

நாளைக் காலை அந்த மாத்திரையைக் கொடுப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின், சர்க்கரை, சிறுநீர், இந்த ஐந்தையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட வேண்டாம். முடிவுத் தாளைக் கையில் வாங்கிக்கொள்வதும் உங்கள் உரிமைதான். எழுப்பினால் சரியாக எழவில்லை, வாந்தி நிற்கவில்லை, வலிப்பு வந்தது என்றால் காலைவரை காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.

இன்னொன்று. இதைப் படித்ததும், "ஐயோ, உப்பு கொடுக்காமல் விட்டோமே" என்று ஒரு தம்ளர் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாள்பட இறங்கிய சோடியத்தை ஒரே மூச்சில் ஏற்றினால் மூளையில் வேறு பாதிப்பு வரும். மருத்துவமனையிலேயே மணிக்கணக்காக அளந்து அளந்துதான் ஏற்றுவார்கள். வீட்டில் செய்ய வேண்டியது இரண்டு மட்டும். மூன்று லிட்டர் தண்ணீர்க் கணக்கை இன்றே விடுங்கள், தாகத்துக்குக் குடித்தால் போதும். குடும்பத்துக்கு ஆக்கும் சாதாரணக் குழம்பையே அவருக்கும் கொடுங்கள். ஒரு முட்டையும் கொடுங்கள். 78 வயதில் தசை கரைவதுதான் பெரிய ஆபத்து. மஞ்சள் கருவுக்குப் பயந்து அவருக்குக் கிடைக்கும் நல்ல புரதத்தை நிறுத்துவது சரியில்லை.

சிங்கப்பூர் உப்பும் உங்கள் வீட்டுக்காரரும்

அடுத்த அவசரம் இது. அந்த டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், பொட்டாசியம் குளோரைடு என்று எழுதியிருக்கும். சோடியத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். உங்கள் நாத்தனார் தப்பான பொருளை அனுப்பவில்லை. சீனாவில் 600 கிராமங்களில், ஏறத்தாழ 21,000 பேரை வைத்து இப்படிப்பட்ட உப்பைச் சோதித்து 2021-இல் முடிவு வெளியிட்டார்கள். சாதாரண உப்புச் சாப்பிட்டவர்களைவிடப் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. உலக சுகாதார நிறுவனமும் 2025-இல் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரை சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இல்லை.

உங்கள் வீட்டுக்காரரின் கிரியேட்டினின் மேலே இருக்கிறது. லொசார்ட்டான் வேறு சாப்பிடுகிறார். அது நல்ல மாத்திரை, சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. ஆனால் உடம்பில் பொட்டாசியத்தைத் தங்க வைப்பது அதன் சுபாவம். வெளியே போக வேண்டியது போகாமல், மேலே மேலே உப்பிலிருந்தும் ஏறினால் இதயத் துடிப்பின் தாளம் தப்பும். இதில் பயப்பட வேண்டிய விஷயம், முன்கூட்டி உடம்பு பெரும்பாலும் எதுவும் சொல்லாது. ஆகவே அந்த டப்பாவை அவர் சாப்பாட்டிலிருந்து இன்றே எடுத்துவிடுங்கள். அத்தையோடு அவரும் போய்ப் பொட்டாசியம் பார்த்துக்கொள்ளட்டும். மாத்திரையை மட்டும் தானாக நிறுத்த வேண்டாம்.

உங்களுக்கு பிரஷரும் சிறுநீரகமும் சரியாக இருந்தால் அந்த உப்பை நீங்கள் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே அடுப்பு, ஒரே சட்டி, நாலு பேர், மூன்று வகை உப்பு. என்றைக்காவது கை மாறிவிடும். எனக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை.

உப்பு டப்பாவில் இல்லாத உப்பு

அடுத்து இந்துப்பு. நிறம் இளஞ்சிவப்பு, விலை கூடுதல். மற்றபடி அதுவும் சோடியம் குளோரைடுதான், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல். அதிலிருக்கும் தாதுக்களை நம்பி உடம்பு தேற வேண்டுமானால் கைப்பிடி கைப்பிடியாகத் தின்ன வேண்டும். பெரும்பாலும் அதில் அயோடின் சேர்ப்பதில்லை. சின், ஷான் மலைப் பக்கங்களில் கழுத்து வீங்கிய பாட்டிமார்களை நம் தலைமுறை பார்த்திருக்கிறது. அயோடின் உப்பு வந்த பிறகுதான் அது குறைந்தது. வீட்டில் வளரும் பெண்பிள்ளை இருக்கிறாள், அவளுக்குச் சாதாரண அயோடின் உப்புதான் வேண்டும். மேல்தட்டிலிருந்து டப்பாவை இறக்குங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

எவ்வளவு போடலாம்? ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. தலைதட்டிய ஒரு தேக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு மாதம் 600 கிராம் வருகிறது. வீசையில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம். ஆனால் இது எல்லா உப்பும் சேர்ந்த கணக்கு. நம் ஊரில் இந்த 'எல்லா'வில்தான் சிக்கல்.

ஒரு மேசைக்கரண்டி மீன் சாற்றில் மூன்றரை கிராம் உப்பு இருக்கிறது. ஒரு கிண்ணம் மொஹிங்காவில் (மீன் குழம்பு ஊற்றிய அரிசி நூடுல்ஸ்) கடைக்காரர் ஏற்கெனவே அதை ஊற்றித்தான் கொதிக்க வைத்திருப்பார். மேசையிலிருக்கும் குப்பியை எடுத்து உங்கள் வீட்டுக்காரர் இன்னும் இரண்டு சுற்று சுற்றுவார். (பார்க்காமலே சொல்கிறேன், சுற்றாத ஆளை நான் கண்டதில்லை.) சோயா சாறு ஒரு மேசைக்கரண்டியில் இரண்டு கிராமுக்கு மேல். ஙாப்பி விழுது ஒரு தேக்கரண்டியில் ஒரு கிராமுக்கு மேல். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பொட்டல நூடுல்ஸின் மசாலாத்தூள் என்று வரிசை நீளும். நீங்கள் ஒளித்து வைத்த டப்பாவிலிருந்து அவருக்குப் போனதைவிட, ஒளித்து வைக்காத இந்தக் குப்பிகளிலிருந்து போனதுதான் அதிகமாக இருக்கும்.

அஜினோமோட்டோ விஷயம் இரண்டு வரியில் முடியும். உப்பில் 39 சதவீதம் சோடியம், அதில் 12 சதவீதம்தான். அளவோடு போட்டால் அது விஷமில்லை, புற்றுநோயும் தராது. ஆனால் உப்பையும் மீன் சாற்றையும் போட்டுவிட்டு அதற்கும் மேலே கைநிறையத் தூவுவது நம் ஊர்ப் பழக்கம், அதைத்தான் விட வேண்டும்.

அப்படியானால் ஙாப்பி? என் பாட்டி தாட்டனில் இருந்தவர். பர்மியர் வீட்டு ஙாப்பி வாசம் தெருவில் வந்தால் மூக்கைச் சுளிப்பார், பத்து நிமிஷம் கழித்துக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போவார். நான்கு தலைமுறையாக நம் நாக்கில் ஏறிய ருசியைக் காவல் போட்டு நிறுத்த முடியாது, கடையின் பின்கட்டுக்குத்தான் தள்ள முடியும். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுதான். அதை மேசைக்குக் கொண்டுவாருங்கள். ஙாப்பி வைக்கிற நாளில் குழம்பில் பாதி உப்பு, மீன் சாறு கிடையாது. விழுதில் சுட்ட தக்காளி, பூண்டு, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு நிறையச் சேர்த்து அளவைப் பெருக்குங்கள். உப்பு அதேதான், ஆனால் தொட்டுக்கொள்ள இரண்டு மடங்கு வரும். வாரத்தில் இரண்டு நாள், அவரும் உங்கள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அப்போதுதான் எவ்வளவு போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

அதற்காக உப்பைக் குறைப்பது வீண் வேலை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரஷர் உள்ளவர் நாளுக்கு நாலைந்து கிராம் உப்பைக் குறைத்தால் மேல் எண் சராசரியாக 5 புள்ளி இறங்கும். அது சின்ன விஷயமில்லை. ஒரேயடியாக நிறுத்தினால் நாக்கு கலகம் செய்யும். வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்று குறைத்துக்கொண்டே வந்தால், சில வாரத்தில் பழைய குழம்பே கரிக்கிறது என்று அவரே சொல்வார்.

எண்ணெயை வீசையில் எண்ணுங்கள்

"எண்ணெய் என்றாலே கொலஸ்ட்ரால்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். செடியிலிருந்து வரும் எந்த எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. டின்னில் 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று கொட்டை எழுத்தில் போடுவது, தண்ணீர்ப் போத்தலில் 'எலும்பு இல்லாதது' என்று போடுவது மாதிரி. நம் ரத்தத்திலிருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரலே செய்கிறது. அதை அதிகம் செய்யத் தூண்டுவது நிறைகொழுப்பும், வனஸ்பதி வகையில் வரும் டிரான்ஸ் கொழுப்பும். பாமாயிலில் பாதி நிறைகொழுப்பு. தேங்காயெண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழ்.

மொரிஷியஸ் தெரியுமல்லவா, நம்மைப் போலவே கப்பலேறிப் போன தமிழர்கள் வாழும் தீவு. 1987-இல் அந்த அரசாங்கம் ரேஷன் எண்ணெயை மாற்றியது. அதுவரை பெரும்பாலும் பாமாயில், அப்புறம் சோயா எண்ணெய். 1992-இல் மறுபடி அளந்தபோது மக்களின் சராசரிக் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 15 சதவீதம் இறங்கியிருந்தது. வேறு பிரசாரங்களும் நடந்தன, எல்லாப் புகழும் எண்ணெய்க்கே என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே யாரும் தாளிப்பதை நிறுத்தவில்லை, வாணலியில் ஊற்றியது மட்டும் மாறியது.

ஆகவே கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ வாங்குங்கள். விலை கட்டாவிட்டால் பாதி சோயா அல்லது சூரியகாந்தி. கடலை எண்ணெய் என்று சொல்லிப் பாமாயில் கலந்து விற்பது நம் சந்தைகளில் புதிதில்லை, தெரிந்த செக்கு இருந்தால் அங்கேயே வாங்குவது நல்லது. பாமாயில்தான் கையில் இருக்கிறது என்றால் அதையும் குறைந்த அளவில் பயன்படுத்தலாம், உடனே யாருக்கும் எதுவும் ஆகிவிடாது.

அளவைப் பாருங்கள். நான்கு வீசை என்பது ஆறரை கிலோ. நாலு பேர், முப்பது நாள் என்று வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம், நான்கு மேசைக்கரண்டி. 480 கலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்தே வருகிறது. எந்த உசந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். அதை மாதம் இரண்டு வீசைக்குக் கொண்டுவாருங்கள், ஆளுக்கு 27 கிராம் ஆகும். பழகிய பிறகு ஒன்றரை வீசைக்கு முயன்று பாருங்கள்.

எப்படிக் குறைப்பது? பர்மியக் குழம்பை 'ஸீ பியான்' பதத்துக்கு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை வதக்குவது நம் வீடுகளிலும் ஒட்டிக்கொண்டது. வதக்குங்கள், அந்தப் பதம் இல்லாமல் வெங்காயத்தின் ருசி வராது. ஆனால் இறக்கிய பிறகு சட்டியைச் சாய்த்து வைத்து, மேலே மிதப்பதைக் கரண்டியால் வடித்துவிடுங்கள். வெளியே தெரியும் எண்ணெயைச் சாதத்தில் விட்டுப் பிசைவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. முட்டை, வேர்க்கடலை ஒரு கைப்பிடி, மீன், எல்லாம் திரும்பி வரட்டும். கொஞ்சம் கொழுப்பு சேர்ந்தால்தான் கீரையிலும் பூசணியிலும் உள்ள ஏ சத்து உடம்பில் சேரும்.

மகளின் பஜ்ஜிக்கு வருவோம். வேகவைத்த காயைத் தட்டில் போட்டால் அந்த வயதுப் பிள்ளை பள்ளி வாசலுக்குத்தான் போகும். அங்கே கொதிப்பது காலையிலிருந்து, சில கடைகளில் முந்தாநாளிலிருந்து, கறுத்துப்போன எண்ணெய். வாரம் ஒரு நாள் வீட்டிலேயே புது எண்ணெயில் சுட்டுக் கொடுங்கள். மிஞ்சிய எண்ணெயை இரண்டாம் தடவை தாளிக்க வைத்துக்கொள்ளலாம், மூன்றாம் தடவை வேண்டாம். அவளிடம் எடையைப் பற்றியோ கொழுப்பைப் பற்றியோ சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். இந்த வயதில் அம்மா தட்டைப் பார்க்கிற பார்வையிலிருந்தே சாப்பாட்டுப் பயம் தொற்றும்.

பழுப்பாக இருந்தாலும் சர்க்கரைதான்

பாகன் பக்கத்துப் பனைவெல்லம் எனக்கும் பிடிக்கும். சாப்பிட்டு முடித்து ஒரு துண்டு வாயில் போட்டு லபெயே (டீ) குடிப்பது நல்ல பழக்கம்தான், ஒரு துண்டோடு நின்றால். பனைவெல்லமும் தேனும் ரத்தத்தில் போய்ச் சேரும்போது சர்க்கரைதான். கொஞ்சம் இரும்பும் மற்ற தாதுவும் இருப்பது உண்மை. ஆனால் அதை நம்பித் தாராளம் காட்டுவது, ஐந்து பைசா சேமிக்க ஐம்பது பைசா செலவழிக்கிற கதை. உங்கள் வீட்டுக்காரரின் 6.3 என்பது இன்னும் நீரிழிவு இல்லை, அதன் வாசற்படி. இப்போது கவனித்தால் திரும்பி நடக்கலாம்.

சேர்க்கும் சர்க்கரை நாளைக்கு 50 கிராமைத் தாண்டக் கூடாது, 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறார்கள். 25 கிராம் என்றால் ஆறு தேக்கரண்டி. இப்போது அவரோடு ஒரு நாள் காலை டீக்கடைக்குப் போய் உட்காருங்கள். பையன் கோப்பையில் முதலில் ஊற்றுவது டீ இல்லை, டின் பால், நம் பேச்சில் நோஸி. கெட்டியாக, நூல் மாதிரி இறங்கும். சோசெய்ன், அதாவது இனிப்பும் பாலும் தூக்கலான டீ, கேட்டால் இரண்டு மேசைக்கரண்டிக்குக் குறையாது. அதில் மட்டும் 22 கிராம் சர்க்கரை. காலையில் இரண்டு, சாயங்காலம் ஒன்று என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். 66 கிராம். வீட்டில் அவருக்குச் சர்க்கரை இல்லாத காப்பி கொடுத்துவிட்டோம் என்று நீங்கள் நிம்மதியாக இருக்க, வெளியில் கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. கடையில் மாலை நேரத்துக்கு வைத்திருக்கும் காப்பி மிக்ஸ் பொட்டலமும் அப்படித்தான். 20 கிராமில் பாதியளவு சர்க்கரை, மிச்சத்தில் பெரும்பகுதி பாமாயில் வகைக் க்ரீமர்.

டீக்கடையை விடச் சொல்லாதீர்கள். வியாபாரம் பேசுவது, செய்தி கேட்பது, சம்பந்தம் பேசுவது எல்லாம் அங்கேதானே. 'போஜா' என்று கேட்கச் சொல்லுங்கள், இனிப்புக் குறைவாக, டிக்காஷன் தூக்கலாக வரும். ஒன்று போஜா, மற்றதெல்லாம் மேசையில் கெட்டிலில் இலவசமாக வைக்கும் வெறும் சீனா டீ. மூன்று நாள் முகம் சுளிப்பார்.

மாம்பழத்தையும் வாழைப்பழத்தையும் ஏன் நிறுத்தினீர்கள்? முழுப் பழத்தின் இனிப்பை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நாரோடு மெல்ல இறங்கும். செய்ன்தலோன் மாம்பழம் சீசனில் ஒரு நேரத்துக்குப் பாதி, சோற்றுக்கு மேலே அல்லாமல் சாயங்காலம் தனியாகச் சாப்பிடட்டும். சாறு பிழிந்தால் கதை வேறு. வாழைப்பழத்துக்கு மட்டும் அவருடைய பொட்டாசியம் முடிவு வரும்வரை பொறுத்திருங்கள்.

சோற்றைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால்தான் எனக்குச் சந்தேகம். பார்த்த இடத்திலெல்லாம் 'தமின் சா பீபிலா' என்று, சோறு தின்றாயா என்று கேட்டு நலம் விசாரிக்கிற ஊர் இது. உப்பும் எண்ணெயும் போன பிறகு தட்டில் ருசியில்லாமல் போய், அவர் சோற்றைக் கூட்டியிருப்பார். மூன்று மாதச் சர்க்கரை 6.3 உள்ளவருக்கு வெல்லமா சர்க்கரையா என்பதைவிடச் சோறு எத்தனை கரண்டி என்பது பெரிய கேள்வி. மூன்று கரண்டியை இரண்டாக்கி, அந்த இடத்தில் பருப்போ காயோ மீனோ வையுங்கள். முதலில் அவற்றைச் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போகட்டும்.

வார்டன் வேலை

கடைசிக் கேள்விக்கு என்னால் மருந்துச்சீட்டு எழுத முடியாது. மருத்துவர்கள் பேரிலும் இதில் தப்பு உண்டு. ஒரு வாக்கியத்தைச் சொல்லி அனுப்பிவிடுகிறோம், எந்த அளவுக்கு, யாருக்கு என்று சொல்வதில்லை. அந்த வெற்றிடத்தைக் கைபேசி நிரப்புகிறது. நாலு பேருக்கும் ஒரே வைத்தியம் என்று நீங்கள் ஆரம்பித்ததும் அதனால்தான். அத்தைக்கு வேண்டியது உப்பும் புரதமும், மகளுக்கு வேண்டியது அயோடினும் வயிறு நிறையச் சாப்பாடும், குறைக்க வேண்டியது உங்கள் வீட்டுக்காரர் ஒருவருக்குத்தான். அவரிடம் இதைப் பேசுங்கள். டீக்கு இனிப்பு, குப்பியில் மீன் சாறு, சோற்றுக் கரண்டி, இந்த மூன்றில் எதை முதலில் தொடுவது என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். மாதம் ஒன்று போதும். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று நான்கு பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை, அடுத்த கடிதத்தில் அதையும் எழுதுங்கள். உங்கள் பிரஷரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்பதையும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் முதலில் எனக்கு இரண்டு எண்கள் வேண்டும். அத்தையின் சோடியம், உங்கள் வீட்டுக்காரரின் பொட்டாசியம். கடிதம் போட நேரமில்லை என்றால் அலுவலகத்துக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள், என்னிடம் சேர்த்துவிடுவார்கள்.